விண்டம் லூயிஸ்: ஓவியன் நாவல் எழுதினால் ஆட்கள் மரப்பொம்மை ஆகிவிடுவார்களா?

மைக்கூடு | சனி, இரவு 10.12

இரண்டு வாரமாக விண்டம் லூயிஸின் ‘டார்’ நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பாதி தாண்டியாயிற்று. தாண்டிய பாதியை ரசித்தேனா என்று கேட்டால் பதில் இல்லை.

களம், முதல் உலகப் போருக்கு முந்தைய பாரிஸ். ஓவியம் கற்கிறோம் என்ற பேரில் வீட்டுப் பணத்தில் காலம் தள்ளும் வெளிநாட்டு இளைஞர்கள். பிரெடரிக் டார் ஆங்கிலேயன், வாய்ச்சவடால்காரன், எதற்கும் ஒரு கொள்கை வைத்திருப்பவன். ஓட்டோ க்ரைஸ்லர் ஜெர்மானியன், தோற்றுப்போன ஓவியன். நடன விருந்துக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய கோட்டு அடகுக் கடையில் கிடக்கிறது, மீட்கக் காசில்லை. அந்த அவமானம் உருண்டு உருண்டு பெரிதாகி ஊரையே இடிக்கப் பார்க்கிறது.

கதை பிடித்திருக்கிறது. ஆட்கள்தான் ஒட்டவில்லை. தாடை, கழுத்து, தோள், நடக்கும் விதம் என்று எல்லாமே வெளியே தெரிவது மட்டும். ஒருவர் சிரித்தால், சிரிப்பு வருவதற்கு முன் முகத்தில் எந்தெந்தத் தசை எப்படி நகர்ந்தது என்று வர்ணனை. ஏதோ மரப்பொம்மைகளுக்குச் சாவி கொடுத்துவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதுபோல இருக்கிறது.

இவர் அடிப்படையில் ஓவியர் என்று தெரியும். அதனால் வந்த குறையா இது? இல்லை, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையா? அப்புறம், என்னிடம் இருக்கும் பதிப்பில் ‘1928-ல் திருத்தியது’ என்று போட்டிருக்கிறது. அதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா?


கல்வெட்டு | சனி, இரவு 11.30

உங்களுக்குப் படிக்கத் தெரிந்திருக்கிறது. நீங்கள் குறை என்று எழுதியதைத்தான் லூயிஸ் வாழ்நாள் முழுக்கத் தன் கொள்கை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாவலின் கடைசிப் பகுதிக்கு இன்னும் வரவில்லை போலிருக்கிறது. அங்கே டார் தன் காதலி அனஸ்தாசியாவிடம் கலை என்றால் என்ன என்று ஒரு பிரசங்கம் செய்வான். உயிரற்றதாக இருப்பதுதான் கலையின் முதல் தகுதி என்பான். நீர்யானையின் தடித்த தோல், ஆமையின் ஓடு, இவையெல்லாம் கலையின் பக்கம். உள்ளே துடித்துக்கொண்டிருக்கும் மென்மையான சமாச்சாரம் வாழ்க்கையின் பக்கம். நல்ல சிலைக்கு உள்ளே ஒன்றும் கிடையாது, உள்ளே ஏதோ இருக்கிறது என்று நாம் நினைத்தால் அது மோசமான சிலை. இது டாரின் வாதம்தான் என்றாலும் லூயிஸ் பின்னால் தன் கட்டுரைகளில் இதையே தன் பெயரில் பேசினார்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஜேம்ஸ் ஜாய்ஸ், வர்ஜீனியா உல்ஃப், விண்டம் லூயிஸ் மூவரும் 1882-ல் பிறந்தவர்கள். முதல் இருவரும் மனத்துக்குள் இறங்கி நினைவோட்டத்தைத் துரத்திக்கொண்டு போனார்கள். மூன்றாமவர் வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே ஒன்றும் இல்லை, கண்ணுக்குத் தெரிவதைப் பாருங்கள் என்று கத்தினார். 1927-ல் வந்த ‘டைம் அண்ட் வெஸ்டர்ன் மேன்’ முழுக்க இந்தச் சண்டைதான். ஜாய்ஸ், கெர்ட்ரூட் ஸ்டைன், இத்தனை நாள் கூட இருந்த கவிஞர் எஸ்ரா பவுண்ட் என்று ஒருவரையும் விடவில்லை. எல்லாரும் காலம், ஓட்டம், கரைதல் என்று பிரெஞ்சுத் தத்துவஞானி பெர்க்சனின் தத்துவத்தில் மூழ்கிப்போனார்கள் என்பது குற்றச்சாட்டு. பாரிஸில் பெர்க்சனின் சொற்பொழிவுகளை இளவயதில் தானே போய்க் கேட்டவர் இவர் என்பதையும் சேர்த்துப் படித்தால் சுவை கூடும்.

பதிப்பு விஷயம் முக்கியம். 1918-ல் வந்த மூலம் முரடு. அமெரிக்காவில் வந்த பதிப்பில் வாக்கியங்களுக்கு நடுவே சமக்குறி மாதிரி இரட்டைக் கோடு ஒன்று வரும், அவரே கண்டுபிடித்த நிறுத்தக்குறி. வாக்கியங்களை ஒன்றோடொன்று வழியவிடாமல் கட்டம் கட்டி நிறுத்துகிற வேலை அது. 1928-ல் திருத்தியபோது முரட்டுத்தனத்தைச் சீவிவிட்டு, விளக்கங்களைச் சேர்த்து நீட்டினார். திருத்தியது படிக்கச் சுலபம். எனக்கு 1918 தான்.

ஒரே ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போகவில்லை. க்ரைஸ்லரின் மனத்துக்குள் அவர் போகிறார். போன பிறகு அங்கேயும் இயந்திரத்தைப் பார்ப்பதுபோலவே பார்க்கிறார், அவ்வளவுதான்.


தெருவிளக்கு | ஞாயிறு, காலை 7.05

மரப்பொம்மை, ஆமை ஓடு எல்லாம் சரி. 1931-ல் ‘ஹிட்லர்’ என்று ஒரு புத்தகம் எழுதினாரே, அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே?

1930 நவம்பரில் பெர்லின் போய்வந்து, ஹிட்லர் அமைதியை விரும்புகிறவர் என்கிற ரீதியில் எழுதியவர் இவர். மனிதனை உள்ளே ஒன்றுமில்லாத பொம்மையாகப் பார்க்கும் கண் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அழகியல் தனி, அரசியல் தனி என்று பிரித்து வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. இந்த மனிதர் விஷயத்தில் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை.


ஒற்றைத்தூரிகை | ஞாயிறு, காலை 9.48

நான் படம் வரைகிறவன், நாவல் அதிகம் படித்தவன் அல்ல. எனக்கு லூயிஸ் அறிமுகமானது படங்கள் வழியாக. அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் ‘ஏ பேட்டரி ஷெல்ட்’ என்ற படம் இருக்கிறது. 1919. மூன்று மீட்டருக்கு மேல் அகலம். லூயிஸ் பீரங்கிப்படையில் அதிகாரியாக இருந்தவர். 1917-ல் பெல்ஜியத்தில், பாஷண்டேல் போர்க்களச் சேற்றில் நின்றுவிட்டு வந்தவர். அதன்பிறகுதான் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் அரசாங்கப் போர் ஓவியராக வேலை செய்தார். ஆக, இது கேள்விப்பட்டு வரைந்த படம் அல்ல.

படத்தின் இடது பக்கம் மூன்று அதிகாரிகள் நிற்கிறார்கள். முகம், உடை எல்லாம் ஏறக்குறைய இயல்பாக இருக்கும். வலது பக்கம் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது, கீழே சிப்பாய்கள் பூச்சிகளைப்போல, குச்சிகளைப்போல அங்கும் இங்கும் மடங்கி ஓடுகிறார்கள். புகைகூடத் தகரத்தை வளைத்துச் செய்தது மாதிரி கெட்டியாக இருக்கும். அந்த மூன்று பேரில் யாரும் உதவப் போகவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அதிலும் எல்லாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முதலில் நானும் இதயமே இல்லாத படம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. தூரத்தில் நின்று பார்க்கிறவனையும் சேர்த்தே வரைந்து வைத்திருக்கிறார். பொம்மையாக்குவது யார் கண் என்பது படத்துக்குள்ளேயே இருக்கிறது. தன் கண் எப்படிப்பட்டது என்று லூயிஸுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு எனக்கு இந்த ஒரு படம் போதும்.

தெருவிளக்கு சொல்லும் புத்தகத்தை நான் படித்ததில்லை, அதனால் அதில் தலையிடவில்லை.


கல்வெட்டு | ஞாயிறு, காலை 11.20

தெருவிளக்கு, அந்தப் புத்தகம் வெட்கக்கேடு. அதை மழுப்ப மாட்டேன். 1936, 37-ல் எழுதிய அரசியல் புத்தகங்களும் அவருக்குப் பெருமை சேர்ப்பவை அல்ல.

ஆனால் பாதியில் நிறுத்தக்கூடாது. 1937-ல் மறுபடி பெர்லின் போனார், வார்சாவுக்கும் போய் யூதர்கள் வாழ்ந்த நிலையை நேரில் கண்டார். 1939-ல் ‘தி ஹிட்லர் கல்ட்’ என்று முழு மறுப்பு எழுதினார். அதே ஆண்டில் யூத வெறுப்பை எதிர்த்து இன்னொரு புத்தகம். அதற்கு வைத்த தலைப்பு ‘யூதர்கள், இவர்கள் மனிதர்களா?’. அட்டையைப் பார்த்தவன் எல்லாம் இது வெறுப்புப் புத்தகம் என்றே நினைப்பான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.


தெருவிளக்கு | ஞாயிறு, காலை 11.41

எட்டு வருடம் கழித்து, ஊரே புரிந்துகொண்ட பிறகு எழுதிய மறுப்பு. அதற்குக் கைதட்ட முடியாது.


கல்வெட்டு | ஞாயிறு, பகல் 12.02

கைதட்டச் சொல்லவில்லை. கணக்கில் சேருங்கள் என்கிறேன்.


மைக்கூடு | ஞாயிறு, மாலை 4.15

அடேங்கப்பா, ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தூங்கி எழுந்தால் பக்கம் நிறைந்துவிட்டது.

ஒற்றைத்தூரிகை, நீங்கள் சொன்ன படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு நாவலைத் திறந்தால் அதே ஆள் அங்கே நிற்கிறான். டார் முழுக்க முழுக்க அந்த மூன்று அதிகாரிகளில் ஒருவன். க்ரைஸ்லர் அழிந்துகொண்டிருக்கிறான், இவன் வேடிக்கை பார்த்துவிட்டுக் கொள்கை பேசுகிறான். டாரை நாயகன் என்று நினைத்துப் படித்ததுதான் என் தப்பு போலிருக்கிறது.

போருக்கு முன்னால் இவர் என்ன செய்துகொண்டிருந்தார்? வோர்ட்டிசிசம் என்கிறார்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விளக்கம் இருக்கிறது. யாராவது புரிகிற மாதிரிச் சொல்லுங்கள்.


கல்வெட்டு | ஞாயிறு, மாலை 6.50

சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், முடியாது என்று தெரியும்.

பிறந்ததே கப்பலில். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், ஆம்ஹர்ஸ்ட் ஊரை ஒட்டி நின்ற அப்பாவின் உல்லாசப் படகில் பிறந்தார் என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. அப்பா அமெரிக்கர், அம்மா ஆங்கிலேயர். இருவரும் பிரிந்தபின் அம்மாவோடு இங்கிலாந்து. லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு சில ஆண்டுகள் பாரிஸ், மியூனிக், ஸ்பெயின், பிரிட்டனி என்று சுற்றல். முதல் கதைகள் 1909-ல் ‘இங்கிலீஷ் ரிவ்யூ’வில் வந்தன. தூரிகையும் பேனாவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தொடங்கின என்பதைக் கவனியுங்கள்.

1913-ல் கலை விமர்சகர் ராஜர் ஃப்ரை நடத்திய ஒமேகா கலைக்கூடத்தில் சேர்ந்தார், சில மாதங்களிலேயே வெளியேறினார். அவரும் கூட வெளியேறிய நண்பர்களும், தங்களுக்கு வரவேண்டிய கண்காட்சி வேலையை ஃப்ரை தட்டிக்கொண்டார் என்று குற்றம் சாட்டி ஊருக்கெல்லாம் கடிதம் அனுப்பினார்கள். கலைக் கொள்கைகள் பல, இப்படி ஒரு காண்ட்ராக்ட் தகராறில்தான் பிறக்கின்றன. 1914-ல் கிரேட் ஆர்மண்ட் தெருவில் கலகக் கலை மையம் என்று தனிக்கடை போட்டார். அங்கே கூடியவர்களின் இயக்கத்துக்கு வோர்ட்டிசிசம் என்று பெயர் வைத்தவர் பவுண்ட். சுழல் என்று பொருள். சுற்றிலும் எல்லாம் வெறிபிடித்துச் சுழலும், நடுவில் ஒரு புள்ளி அசையாமல் நிற்கும். இத்தாலிய எதிர்காலவாதிகள் வேகத்தைக் கண்டு மயங்கினார்கள். லூயிஸுக்கு வேகம் பிடிக்கும், மயக்கம் பிடிக்காது. அந்த அசையாத புள்ளியில் நின்று பார்க்க ஆசைப்பட்டார். மைக்கூடு, உங்கள் முதல் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

1914 ஜூலை தொடக்கத்தில் ‘ப்ளாஸ்ட்’ இதழ் வந்தது. கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிற அட்டை, குறுக்கே கொட்டை எழுத்தில் பெயர். உள்ளே ஒழிக பட்டியல், வாழ்க பட்டியல். பெர்க்சன் ஒழிக. முடிதிருத்துபவர் வாழ்க, ஏனென்றால் அவர் இயற்கையைக் கத்தரிக்கோலால் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறார். ஆங்கில நகைச்சுவை இரண்டு பட்டியலிலும் இருக்கும். அடுத்த மாதம் உலகப் போர். இரண்டாவது இதழ் 1915 ஜூலையில், போர் இதழாக வந்தது. டி.எஸ். எலியட்டின் கவிதைகள் அதில் உண்டு. சிற்பி கோதியே-ப்ர்ஷெஸ்கா பதுங்குகுழியிலிருந்து எழுதிய கட்டுரையும் உண்டு, அதே இதழில் அவர் போர்க்களத்தில் இறந்த செய்தியும் உண்டு. மூன்றாவது இதழ் வரவில்லை. சிற்றிதழ் நடத்தியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.


சுண்ணாம்பு | ஞாயிறு, இரவு 8.33

இத்தனை பேசியும் ஹெலன் சாண்டர்ஸ் பெயர் வரவில்லையே கல்வெட்டு ஐயா? ‘ப்ளாஸ்ட்’ அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பெண்கள் உண்டு. ஒருவர் ஜெசிகா டிஸ்மார், இன்னொருவர் சாண்டர்ஸ்.

லீட்ஸ் கலைக்கூடத்தில் லூயிஸ் வரைந்த ‘ப்ராக்ஸிடெல்லா’ இருக்கிறது, 1921. நீல உலோகத்தில் செய்த மாதிரி முகமும் கையும், நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருக்கும் பெண். அது ஐரிஸ் பாரி. பின்னாளில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரைப்பட நூலகத்தை உருவாக்கியவர். லூயிஸுக்கும் இவருக்கும் இரண்டு குழந்தைகள், இரண்டையும் லூயிஸ் வளர்க்கவில்லை.

விஷயம் அது இல்லை. அந்தப் படத்தின் மேற்பரப்பு சில இடங்களில் மேடு பள்ளமாக இருந்தது, விரிசல் வழியே சிவப்பு எட்டிப்பார்த்தது. லண்டன் கோர்ட்டால்ட் கலை நிறுவனத்தில் அப்போது படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவிகள் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அடியில் இன்னொரு படம். ‘ப்ளாஸ்ட்’ இதழில் கறுப்பு வெள்ளையில் அச்சாகி, அப்புறம் காணாமல் போயிருந்த ஹெலன் சாண்டர்ஸின் ‘அட்லாண்டிக் சிட்டி’. 2022-ல் இந்தச் செய்தி வெளியானது. சாண்டர்ஸின் எண்ணெய் வண்ணப் படங்கள் எத்தனையோ தொலைந்துபோயின. இந்த ஒன்று எங்கே போனது என்றால், லூயிஸின் படத்துக்கு அடியில்.

கூட்டாளி ஒருத்தி வரைந்து முடித்த படத்தின் மேல் தன் படத்தை வரைந்துவிட்டார். அசையாத புள்ளி என்று இதற்குத்தான் பெயரா?


ஒற்றைத்தூரிகை | ஞாயிறு, இரவு 9.10

பழைய கித்தான் மேல் வரைவது காசில்லாத ஓவியர்கள் எல்லாரும் செய்கிற காரியம். லூயிஸ் வாழ்நாள் முழுக்கக் கடனில் கிடந்தவர். அதை மட்டும் வைத்துக் கெட்ட எண்ணம் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது.

ஆனால் நம் படத்தின் மேல் வரைவது வேறு, இன்னொருவர் படத்தின் மேல் வரைவது வேறு. நான் செய்ய மாட்டேன். வெள்ளை பூசும்போது கை கூசும்.


சுண்ணாம்பு | ஞாயிறு, இரவு 9.26

நன்றி. இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1956-ல் டேட் கலைக்கூடம் லூயிஸுக்கும் வோர்ட்டிசிசத்துக்கும் ஒரு கண்காட்சி வைத்தது. அதன் கையேட்டில், வோர்ட்டிசிசம் என்பது அந்தக் காலத்தில் தான் செய்ததும் சொன்னதும்தான் என்ற அர்த்தத்தில் லூயிஸ் எழுதினார். கூட இருந்த வில்லியம் ராபர்ட்ஸ் கொதித்துப்போய்ச் சொந்தச் செலவில் துண்டுப்பிரசுரம் போட்டுத் திட்டினார்.

அதே ராபர்ட்ஸ் 1960-களின் தொடக்கத்தில் பழைய நண்பர்கள் எல்லாரும் டூர் ஈஃபில் உணவகத்தில் கூடியிருப்பதுபோல ஒரு படம் வரைந்தார். ஆண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் லூயிஸ். சாண்டர்ஸும் டிஸ்மாரும் கதவருகே, இப்போதுதான் உள்ளே வருகிறார்கள். திட்டியவர் படத்திலும் பெண்களுக்குக் கிடைத்த இடம் வாசற்படி.


கல்வெட்டு | ஞாயிறு, இரவு 10.05

சுண்ணாம்பு, குட்டு வாங்கிக்கொண்டேன். சாண்டர்ஸ் பெயரை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

லூயிஸின் கையிருப்பும் ஒன்றும் பத்திரமாக இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். போருக்கு முன் அவருக்குப் பெயர் வாங்கித்தந்த ‘கெர்மெஸ்’ என்ற பெரிய படம் இன்று எங்கே என்று தெரியாது. ‘ப்ளாஸ்ட்’டில் அச்சான ‘பிளான் ஆஃப் வார்’ அப்படியே. 1914, 15-ஐச் சேர்ந்த பெரிய கித்தான்களில் ‘ஒர்க்‌ஷாப்’, ‘தி கிரௌட்’ இரண்டும் டேட்டில் இருக்கின்றன. அந்த இயக்கத்தைப் பற்றி நாம் பேசுவதில் பாதி, அச்சில் தப்பிய கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்துத்தான்.


பனிக்காலம் | திங்கள், காலை 6.30

டொரன்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே லூயிஸ் பெயர் சொன்னால் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். இந்த ஊரைப் பக்திவேஷம் போட்ட ஐஸ்பெட்டி என்று கடிதத்தில் திட்டியவர் அவர்.

1939 செப்டம்பரில், போர் அறிவிப்புக்கு முந்தின நாள் மனைவியோடு கப்பலேறி அட்லாண்டிக் கடந்து வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவர் 1945 வரை மாட்டிக்கொண்டார். கையில் காசில்லை. டொரன்டோ ஷெர்போர்ன் தெருவில் டியூடர் ஹோட்டலில் ஒரு அறை. 1943 பிப்ரவரியில் அந்த ஹோட்டல் தீப்பிடித்தது. பிறகு வின்ட்ஸரில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் வகுப்பெடுத்தார். அங்கேதான், பின்னாளில் ஊடகச் சிந்தனையாளராகப் புகழ்பெற்ற மார்ஷல் மக்லூகன் அவரைத் தேடி வந்தார், அப்போது மக்லூகன் யாரென்று ஊருக்குத் தெரியாது. லூயிஸுக்கு ஓவிய வேலை பிடித்துக்கொடுக்க அலைந்தார். உலகமே தொலைபேசி வைத்த ஒரு பெரிய கிராமமாகிவிட்டது என்று லூயிஸ் 1948-ல் எழுதினார். மக்லூகன் பின்னால் உலகக் கிராமம் என்று ஊரெங்கும் பேசினாரே, அதற்கு விதை எங்கே கிடைத்தது என்று கேட்டால் நான் இந்தப் பக்கம்தான் கைகாட்டுவேன்.

நான் சொல்ல வந்தது ‘செல்ஃப் கண்டெம்ட்’ நாவல் பற்றி, 1954. ரெனே ஹார்டிங் என்ற வரலாற்றுப் பேராசிரியர். நம்பாத வரலாற்றைக் கற்பிக்க முடியாது என்று 1939-ல் வேலையை உதறிவிட்டு, மனைவி ஹெஸ்டரை இழுத்துக்கொண்டு கனடாவில் மொமாக்கோ என்ற கற்பனை ஊருக்கு வருகிறார். மூன்று வருடத்துக்கு மேல் ஒரே ஹோட்டல் அறை. இருபத்தைந்தடிக்குப் பன்னிரண்டடி. வெளியே பனி, பக்கத்து அறைகளில் குடியும் அடிதடியும். அந்த அறையிலேயே கணவனும் மனைவியும், லண்டனில் ஒருபோதும் இல்லாத நெருக்கத்துக்கு வருகிறார்கள். பிறகு ஹோட்டல் எரிகிறது. தீயை அணைக்க அடித்த தண்ணீர் உறைந்து, கட்டடம் வெறும் பனிக்கூடாக நிற்கும். அந்த வர்ணனையைக் குளிர்காலத்தில் இங்கே படித்தால்தான் தெரியும்.

மைக்கூடு, மரப்பொம்மை என்றீர்களே, ஹெஸ்டர் பொம்மை இல்லை. ஹார்டிங் ஊரில் காலூன்றிப் பழையபடி பேராசிரியர் ஆகப் பார்க்கிறான். அவள் இங்கிலாந்துக்குப் போக வேண்டும் என்கிறாள், அவன் கேட்கவில்லை. லாரிச் சக்கரத்தில் போய் விழுகிறாள். அதன் பிறகு அவனுக்குப் பதவி, மரியாதை எல்லாம் வருகிறது. உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. நாவல் அவனை அப்படியே வெறும் கூடாக விட்டுவிட்டு முடிகிறது.


மைக்கூடு | திங்கள், காலை 8.02

முடிவைச் சொல்லிவிட்டீர்களே! பரவாயில்லை, எப்படியும் படிக்கப்போகிறேன்.

உள்ளே ஒன்றுமில்லாத கூடு. 1918-ல் டார் அதைக் கலையின் முதல் தகுதி என்கிறான். 1954-ல் அதுவே ஒரு மனிதனுக்குக் கிடைத்த தண்டனை ஆகிவிடுகிறது. நான் சரியாகத்தான் கணக்குப் போடுகிறேனா?


கல்வெட்டு | திங்கள், காலை 9.15

சரியான கணக்கு. நடுவே ‘தி ரிவெஞ்ச் ஃபார் லவ்’ இருக்கிறது, 1937. விக்டர் ஸ்டாம்ப் என்ற ஓவியன், சொந்தமாக வரைந்து பிழைக்க முடியாமல் வான் கோ படங்களைப் போலியாக வரையும் கூடத்தில் வேலை பார்க்கிறான். புரட்சிக்காரர்கள் அவனை ஆயுதக் கடத்தலில் பலிகடா ஆக்குகிறார்கள். அவன் மனைவி மார்கோ மீது லூயிஸுக்கு இரக்கம் இருக்கிறது. அவரே அதை ஒத்துக்கொள்ளமாட்டார், ஆனால் இருக்கிறது. 1930-ல் அவர் கல்யாணம் செய்துகொண்டதற்குப் பிறகு பெண் பாத்திரங்கள் மாறுகிறார்கள் என்பது என் ஊகம்.

‘தி ஏப்ஸ் ஆஃப் காட்’ பக்கம் மட்டும் இப்போதைக்குப் போகாதீர்கள். லண்டன் கலைப் பிரமுகர்களைக் கிழிக்க அறுநூறு பக்கத்துக்கு மேல் செலவழித்திருக்கிறார். முதலில் 750 பிரதிகள் கையெழுத்திட்டு விற்றார். கிழிபட்டவர்களுக்கு அது ஜென்மப் பகை. படிக்கிற நமக்கு, யார் யாரைக் கிண்டல் செய்கிறார் என்ற அடிக்குறிப்பு இல்லாமல் ஒரு பக்கம் நகராது.


ஒற்றைத்தூரிகை | திங்கள், இரவு 9.55

நாள் முழுக்க இந்த இழை மனசில் ஓடிக்கொண்டிருந்தது. எலியட்டை அவர் வரைந்த இரண்டு படங்களைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

முதலாவது 1938. எலியட் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்கிறார், கண் எங்கோ கீழே. பின்னால் இருபுறமும் ஏதோ முளைத்து எழுகிற மாதிரி வடிவங்கள். ராயல் அகாடமி அந்த ஆண்டுக் கண்காட்சிக்கு அதை ஏற்க மறுத்தது. அதைக் கண்டித்து ஓவியர் அகஸ்டஸ் ஜான் அகாடமியிலிருந்தே விலகினார். லூயிஸுக்கு வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய விளம்பரம் அந்த மறுப்பு. படம் இப்போது தென்னாப்பிரிக்காவில், டர்பன் கலைக்கூடத்தில் இருக்கிறது. கோடு ஒவ்வொன்றும் கத்தியால் கீறியது. ஓவியனுக்கும் அமர்ந்தவருக்கும் நடுவே சரியான தூரம்.

இரண்டாவது 1949. அதே எலியட், வயது கூடியிருக்கிறது. இதற்குள் லூயிஸின் பார்வை மங்கத் தொடங்கிவிட்டது. மூளையின் அடியில் கட்டி, அது கண் நரம்பை அழுத்துகிறது. எலியட்டின் நெற்றியில் முடி எங்கிருந்து முளைக்கிறது என்று பார்க்கவே முகத்துக்கு மிக அருகில் போகவேண்டியிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். வாழ்நாள் முழுக்கத் தள்ளி நின்று பார்த்தவர் கடைசி உருவப்படத்துக்கு மூச்சுக்காற்று படும் தூரத்தில் போய் நின்றார். அந்தப் படம் கேம்பிரிட்ஜில் மாக்டலின் கல்லூரியில் இருக்கிறது. முதல் படத்தின் கூர்மை இதில் இல்லை. ஆனாலும் எனக்கு இதன் மேல் ஒரு பிரியம்.

1951 மே மாதம் ‘லிஸனர்’ இதழில் ஒரு கட்டுரை. அதுவரை அங்கே ஓவிய விமர்சனம் எழுதிவந்தவர், இனிப் படங்களைப் பார்க்க முடியாது, அதனால் நிறுத்துகிறேன் என்று வாசகர்களுக்குச் சொல்கிறார். புலம்பல் இல்லை. பார்வை போவதைக் குளிர்காலக் கடல்மூட்டத்தோடு ஒப்பிட்டுக் கிண்டலாகவே எழுதிக்கொண்டு போகிறார். கடைசியில், இருட்டறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார்கள், இனி மனத்துக்குள் பெரிய வோல்டேஜில் ஒரு விளக்கு ஏற்றித்தான் இரவைத் தள்ளி நிறுத்தவேண்டும் என்கிறார்.

இதைப் படித்த அன்று நான் தூரிகையைத் தொடவில்லை.


தெருவிளக்கு | திங்கள், இரவு 10.40

அந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறேன். நன்றாகவே எழுதியிருக்கிறார். அதற்காக 1931-ஐ மறக்கமாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் எழுதினாரா, இல்லை அதோடு சரியா?


கல்வெட்டு | திங்கள், இரவு 11.12

‘செல்ஃப் கண்டெம்ட்’ அச்சானபோது அவருக்குப் பார்வை கிடையாது. 1955-ல் இன்னும் இரண்டு நாவல்கள் வந்தன, ‘மான்ஸ்டர் கே’, ‘மலைன் ஃபியஸ்டா’. 1928-ல் ‘தி சில்டர்மாஸ்’ என்று தொடங்கிப் பாதியில் விட்ட மறுவுலகக் கதையின் தொடர்ச்சி. பிபிசி வானொலி ஆதரித்து, நாடகமாகவும் ஒலிபரப்பியது. மறுவருடம் ‘தி ரெட் ப்ரீஸ்ட்’. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தாளுக்குச் சில வரி வீதம் பெரிய எழுத்தில் எழுதிக் கீழே போடுவார். மனைவி ஃப்ரோயானா பொறுக்கி அடுக்குவார்.

அறுவை சிகிச்சை செய்தால் அறிவு மங்கலாம் என்பதால் வேண்டாம் என்றுவிட்டார். 1957 மார்ச் 7-ஆம் தேதி லண்டனில் இறந்தார்.


மைக்கூடு | புதன், இரவு 12.20

‘டார்’ முடித்தேன். பனிக்காலம் முடிவைச் சொன்னதற்குப் பழிக்குப் பழி, நானும் சொல்லப்போகிறேன்.

க்ரைஸ்லரும், அவன் போட்டியாளனாக நினைக்கும் சோல்டிக்கும் துப்பாக்கிச் சண்டைக்கு அதிகாலையில் நிற்கிறார்கள். இரண்டு தரப்பு ஆட்களும் எப்படியாவது சமாதானம் பேசிவிடப் பார்க்கிறார்கள். அப்போது க்ரைஸ்லர், சோல்டிக் எனக்கு ஒரு முத்தம் கொடுத்தால் சண்டையை விட்டுவிடுகிறேன் என்கிறான். சொல்லிவிட்டு முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு போகிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பக்கம் கழித்து சோல்டிக் செத்துக் கிடக்கிறான், அதுவும் தள்ளுமுள்ளில், யாரும் திட்டமிடாமல். திரும்பிப் போய் அந்த முத்த இடத்தைப் படித்தேன். வெறும் வாய், உதடு, நீட்டிய கழுத்து. உள்ளே என்ன நினைத்தான் என்று ஒரு வார்த்தை கிடையாது. சொல்லியிருந்தால் இப்போது தூங்கப் போயிருப்பேன்.

சுண்ணாம்பு, டாரின் காதலி பெர்த்தாவுக்கு க்ரைஸ்லர் செய்யும் கொடுமையை லூயிஸ் எழுதியிருக்கும் விதம் பற்றி உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். அங்கே அந்தத் தூரம் எனக்குச் செரிக்கவில்லை. தனி இழையாகத் தொடங்கட்டுமா?


சுண்ணாம்பு | புதன், காலை 7.44

தொடங்குங்கள். 1918 பதிப்பு கையில் இருக்கிறவர்கள் அந்த அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், 1928-ல் என்ன மாற்றினார் என்று வரிவரியாகப் பார்க்கலாம்.